வெள்ளிக்கு ஏன் அவ்வளவு சூடு?

பிரெய்ல் அச்சகத்தில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் ஊசி அக்கா. பெயருக்குக் காரணம் கேட்டால் இரண்டு சொல்வார்கள். ஒரு பக்கத்தில் ஆயிரம் புள்ளி இருந்து, அதில் ஒன்றே ஒன்று இடம் மாறியிருந்தாலும் அவள் ஆள்காட்டி விரல் குத்தினாற்போல் அங்கே போய் நின்றுவிடும். அது ஒன்று. இன்னொன்று அவள் வாய். அதைப் பற்றி அவள் இல்லாத நேரத்தில் மட்டும் பேசுவார்கள். ஊசிக்கும் காது உண்டு என்பது அவர்களுக்கு அவ்வப்போது மறந்துபோகும்.

பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. பதினெட்டு வருஷமாகப் பிழை திருத்துகிறாள். பார்வையுள்ளவர்களுக்காக அச்சடித்த புத்தகத்தை ஒருத்தி உரக்க வாசிப்பாள். அதையே புள்ளிகளாக மாற்றி எடுத்த தடித்த தாளை ஊசி விரலால் தடவிக்கொண்டே போவாள். காதில் விழுவதும் விரலில் படுவதும் ஒன்றாக இருந்தால் பக்கத்தின் அடியில் தன் முத்திரையைக் குத்துவாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தின் துத்தநாகத் தகடு மெஷினுக்குப் போகும். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிற பிழையெல்லாம் தனக்கு விளக்கெண்ணெய்ச் செலவே இல்லாமல் கிடைக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அவள் புள்ளிப் பிழையோடு நிற்கிற ஆள் இல்லை. மூலப் புத்தகமே தப்பாக இருந்தாலும் விடமாட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் ஓர் அரசன் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்பே முடிசூடிக்கொண்டிருந்தான். ஊசிதான் பிடித்தாள். புத்தகம் போட்டவர்களிடமிருந்து நன்றிக் கடிதமே வந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது என்று அச்சகத்தில் பேச்சு. இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மேசைக்கு வந்தது அறிவியல் பாடப்புத்தகம். சூரியனின் வெப்பமும் கோள்களும் என்ற பாடம். வாசிக்கிற பெண் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல குரல். வேகம்தான் ரயில் வேகம்.

"சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் புதன். இரண்டாவதாக உள்ளது வெள்ளி. கோள்களிலேயே வெப்பம் மிகுந்தது வெள்ளி…"

ஊசியின் விரல் நின்றது. "கடைசி வரியைத் திரும்பப் படி."

அவள் திரும்பப் படித்தாள்.

"தப்பு."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, அக்கா."

"அப்ப புத்தகம் தப்பு. அடுப்புக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்கு அதிகமா சுடுமா, நாலடி தள்ளி நிக்கிறவனுக்கு அதிகமா சுடுமா?"

அந்தப் பெண் அடுத்த வரியைப் படித்துப் பார்த்தாள். வெள்ளியைச் சுற்றி அடர்ந்த காற்று மண்டலம் இருப்பதால்தான் அவ்வளவு வெப்பம் என்று போட்டிருந்தது. புதனில் காற்று அநேகமாக இல்லவே இல்லையாம்.

"இன்னும் மோசம்," என்றாள் ஊசி. "காத்து வந்தா குளிரும். ஃபேன் எதுக்குப் போடுறோம்? காத்து இருக்கிறதால சூடாம், இல்லாததால சூடு கம்மியாம். யாரோ தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்காங்க."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் புத்தகம் குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் அவர் தலைதான் உருளும்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெள்ளியோட சண்டையாம்மா? திங்கட்கிழமை காலைல ஒன்பது மணிக்குத் தகடெல்லாம் மெஷின்ல ஏறணும். பள்ளிக்கூடம் திறக்கப் பத்தே நாள்தான் இருக்கு. புத்தகத்துல இருக்கிறதை அப்படியே அடிக்கிறதுதான் நம்ம வேலை."

"தப்பைத் தப்பாவே அடிக்கிறதுக்கு நான் எதுக்கு சார்?"

அவர் போனை எடுத்துத் தேடினார். "இந்தாம்மா, இதுலயும் வெள்ளின்னுதான் போட்டிருக்கு."

"போட்டிருக்கும். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் எடுத்துப் போடுறது தானே? எனக்குக் காரணம் விளங்கட்டும். விளங்காததுக்கு நான் முத்திரை குத்த மாட்டேன்."

ஒற்றைக் காலில் நின்றாள். மேனேஜர் பெருமூச்சு விட்டுவிட்டு, மீதிப் பக்கங்களையாவது முடிக்கச் சொல்லிப் போனார். முடித்துக் கொடுத்தாள். அடுத்த பக்கத்தில் கோள்களின் வெப்ப அட்டவணை இருந்தது. எரிச்சலில் அந்தப் பெண் இன்னும் வேகமாக வாசித்தாள். எரிச்சலில் ஊசியின் விரலும் இன்னும் வேகமாக ஓடியது. முத்திரை விழுந்தது. வெள்ளி இருந்த பக்கம் மட்டும் முத்திரை இல்லாமல் மேசை மேல் கிடந்தது.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் அவள் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின.

அவள் கணவர் கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவர். பொரித்து வருகிற புதுக் கோழிக்குஞ்சுகளை மூன்று வாரம் வரை வளர்த்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அச்சகத்தில் அவரைக் கோழிக்காரர் என்பார்கள். கல்யாணமே அந்த வழியில் வந்ததுதான். ஒரு காலத்தில் அச்சக கேன்டீனுக்கு முட்டை கொண்டுவந்து போடுவார். ஒருநாள் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஊசி, "மூணாவது தட்டுல ஒண்ணு விரிஞ்சிருக்கு," என்றாள். அவர் சிரித்துவிட்டு எடுத்துப் பார்த்தார். விரிந்திருந்தது. "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். "கீழ வைக்கும்போது இருமுச்சே," என்றாள் அவள். மறுவாரம் கேன்டீனில் முட்டை கேட்கவே இல்லை; ஆனாலும் அவர் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே மழையும் காற்றுமாக இருந்தது. அவருக்கு அன்றும் வேலை.

"நீயும் கிளம்பு," என்றார். "நீ இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு அங்க சாப்பாடு இறங்காது."

"என் மூஞ்சியைப் பார்க்காம சாப்பிடுங்க. நான் உங்க மூஞ்சியைப் பார்க்காமத்தானே இத்தனை வருஷம் சாப்பிடுறேன்?"

"அதனாலதான் நல்லா இறங்குது உனக்கு," என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. கிளம்பினார்கள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் மரத்தூள் வாசனையும் கோழி வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. உள்ளே இரண்டு பெரிய வட்டம். முழங்கால் உயரத் தகரத்தை வளைத்துத் தடுப்புக் கட்டி, நடுவே சங்கிலியில் சூடு விளக்கு தொங்கவிட்டிருந்தார்கள். முதல் வட்டத்தில் நேற்று வந்த குஞ்சுகள். விளக்கு நன்றாகத் தாழ இறங்கியிருந்தது. இரண்டாவது வட்டத்தில் இருந்தவை ஒரு வாரம் மூத்தவை. அவற்றுக்கு அவ்வளவு சூடு வேண்டாம் என்று விளக்கை உயரத் தூக்கிக் கட்டியிருந்தார். அந்தப் பக்கத்து ஜன்னல் உடைந்து கிடந்ததால் ஈரக்காற்று நேராக அடிக்காமலிருக்க, வட்டத்தின் மேலே தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி கட்டி முந்தின நாள் மாலை போகும்போது ஒரு பக்கம் சுருட்டி விட்டிருந்தார்.

அவளை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அவர் தண்ணீர்க் குவளைகளை நிரப்பத் தொடங்கினார். முதல் வட்டத்திலிருந்து மெல்லிய முணுமுணுப்பு வந்தது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல் இருந்தது.

"என்னங்க, இங்க உள்ளதுங்க நிம்மதியா பேசுதுங்க. அங்க உள்ளதுங்களுக்கு என்ன?"

"எங்க?"

"ரெண்டாவதுல. சத்தமே இல்ல. இல்ல, இருக்கு… மூச்சு வாங்குற மாதிரி இருக்கு."

குவளை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் ஓடினார். மழை வலுத்ததும் பண்ணைக் காவல்காரர் நல்லெண்ணத்தோடு தார்ப்பாயை முழுக்க இறக்கி, ஓரத்தில் செங்கல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே குஞ்சுகளெல்லாம் விளக்கைவிட்டு விலகி, தகரத்தோடு ஒட்டி, வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக் கிடந்தன. அவர் ஒரு பக்கத்தைச் சுருட்டி மேலேற்றுவதற்குள் அவளும் தடவிக்கொண்டே அங்கே வந்துவிட்டாள்.

"கையை உள்ள விட்டுப் பார்க்கட்டுமா?"

"பாரு. பார்த்து."

விட்டாள். எந்தப் பக்கமிருந்து சூடு வருகிறது என்றே சொல்ல முடியவில்லை. மேலும் கீழும், விரல் இடுக்கிலும்கூட, ஈரத் துணியைச் சுற்றியதுபோல் ஒரே புழுக்கம். மூத்த குஞ்சு ஒன்று அவள் உள்ளங்கையில் துவண்டு சாய்ந்தது. அதை எடுத்து வெளிக்காற்றில் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது தலையைத் தூக்கி அவள் கட்டைவிரலைக் கொத்தியது.

"பொழைச்சுக்கிச்சு," என்றாள். பிறகு, "இங்க விளக்கு உயரத்துல இருக்குன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள்.

"ஆமா. அதைவிட ஒரு முழம் மேல."

அவள் முதல் வட்டத்துக்குப் போய், தாழத் தொங்கிய விளக்கின் அடியில் கையை நீட்டினாள். புறங்கையில் சுரீரென்று சுட்டது. ஆனால் உள்ளங்கை குளிர்ந்துதான் இருந்தது. விழுகிற சூடு விழுந்த இடத்திலிருந்தே எங்கோ ஓடிப்போய்க்கொண்டிருந்தது. திரும்ப இரண்டாவது வட்டத்துக்கு வந்தாள். தார்ப்பாய் பாதி ஏறியும் அங்கே வெம்மை இன்னும் அடைந்து கிடந்தது. மறுபடி முதலாவது. மறுபடி இரண்டாவது. அவர் கையில் குவளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி அவள் நடக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

"பக்கத்துல இருக்கிறதுதான் அதிகமா வாங்குது," என்றாள் கடைசியில். "ஆனா வாங்கினதை வச்சுக்கத் தெரியலை. இது தள்ளி இருந்து கொஞ்சமா வாங்குது, வெளியவே விடமாட்டேங்குது. வெள்ளியைச் சுத்தி இருக்கிற காத்து ஃபேன் காத்து இல்லைங்க. தார்ப்பாய்."

"யாரு வெள்ளி?" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அப்போதுதான் முழுசாகச் சொன்னாள். தான் பிடித்த முரண்டையும் குறைக்காமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "இதுக்கா ரெண்டு நாள் பாத்திரத்தைப் போட்டு அந்தப் பாடு படுத்தின?" என்று மட்டும் கேட்டார்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது கரண்ட் போனது. விளக்குகளின் மெல்லிய ரீங்காரம் நின்றதை வைத்து அவளும் தெரிந்துகொண்டாள்.

"ஜெனரேட்டரைப் போட்டுட்டு வரேன்," என்று அவர் மழையில் இறங்கி ஓடினார். அந்த ஜெனரேட்டர் ஒரு கழுதை. கெஞ்சினாலும் உதைத்தாலும் அது நினைத்தபோதுதான் கிளம்பும்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதல் வட்டத்தில் முணுமுணுப்பு மாறி, கீச்சுக் கீச்சென்று கூர்மையான அழுகை எழுந்தது. ஊசி தகரத்தைத் தாண்டிக் கையை விட்டாள். சற்று முன் சுட்ட இடம் சில்லென்று கிடந்தது. குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாக நடுவில் ஏறிக் குவிந்துகொண்டிருந்தன. குளிர்ந்தால் இப்படித்தான் குவியும், அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று கணவர் எத்தனையோ முறை சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கினாள். காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்து நடுவுக்குப் போய் மண்டியிட்டாள். குவியலைக் கையால் அள்ளி அள்ளிப் பரப்பினாள். அவள் பரப்பப் பரப்ப அவை திரும்பக் குவிந்தன. அடியில் கிடந்ததை ஒவ்வொன்றாகத் தேடி மேலே எடுத்தாள். முந்தானையை விரித்து, நடுங்கியவற்றை அதில் போட்டு மூடினாள். மடி நிறைந்தது, ஒன்று கழுத்தடியில் வந்து ஒண்டிக்கொண்டது.

இத்தனை நேரமும் இரண்டாவது வட்டம் நிம்மதியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அங்கே பாதித் தார்ப்பாய் இருந்தது. அணைந்த விளக்கின் சூட்டை அது இன்னும் பிடித்து வைத்திருந்தது.

குஞ்சுகளைப் பிரித்துக்கொண்டே இருந்த அவள் கை சட்டென்று நின்றது. வெள்ளிக்கிழமை விரலடியில் ஓடிய அட்டவணை இப்போது மெதுவாகத் திரும்ப ஓடியது. புதன், பகல், நானூற்று முப்பது. புதன், இரவு, நூற்று எண்பது.

ஜெனரேட்டர் கிளம்பிய சத்தம் கேட்டது. விளக்குகள் ரீங்கரித்தன. தொப்பலாக நனைந்து வந்தவர், வட்டத்தின் நடுவில் மடி நிறையக் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்த மனைவியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒண்ணும் போகலையே?"

"எல்லாம் உசிரோட இருக்கு. என்னங்க, தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?"

"நூறு. ஏன், உனக்குக் குளிருதா? வெந்நீர் வேணுமா?"

"காத்தே இல்லாத இடம். தார்ப்பாயே கிடையாது. விளக்கு அணைஞ்சு அஞ்சு நிமிஷத்துல இங்கயே இந்தக் கதி. புதன்ல ஒரு ராத்திரின்னா நம்ம கணக்குல மூணு மாசமாம், பாடத்துலயே இருக்கு. மூணு மாசம் விளக்கு இல்லைன்னா, அங்க நூத்தி எண்பது டிகிரி சூடு எப்படி இருக்கும்?"

"இருக்காது," என்றார் அவர் யோசிக்காமல். சூட்டு விஷயத்தில் அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"இருக்குன்னு நான் முத்திரை குத்திட்டு வந்திருக்கேன்," என்றாள் ஊசி. "சரியா இருந்த வரியோட சண்டை போட்டேன். தப்பா இருந்ததை விட்டுட்டேன்."

அவர் தகரத்தைத் தாண்டி வந்து அவள் மடியிலிருந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விட்டார். கழுத்தடியில் ஒண்டியிருந்ததை மட்டும் எடுக்கவில்லை.

"ஒன்பது மணிக்குத்தானே மெஷின்ல ஏறும்? ஏழரைக்கே கொண்டு போய் விடறேன். இப்ப எந்திரி, கால் மரத்துப்போகும்."

மறுநாள் ஏழரை மணிக்கு அச்சகம் இன்னும் திறக்கவில்லை. வாட்ச்மேனை எழுப்பினார்கள். வாசிக்கிற பெண் எட்டரைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக ஊசி அவளை அட்டவணையைப் படிக்கச் சொன்னாள். "மெதுவா படி. நடந்து போற மாதிரி படி."

"புதன்… பகல்… நானூத்தி முப்பது. இரவு… நூத்தி எண்பது."

"நூத்தி எண்பதுக்கு முன்னாடி ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல, அக்கா. எண்ணு புது வரியிலதான் தொடங்குது. மேல் வரி முடியுற இடத்துல சின்னதா ஒரு கோடு இருக்கு. அது வார்த்தையை உடைச்சதுக்குப் போட்ட…" அவள் குரல் அப்படியே தேய்ந்தது. "ஐயோ. அக்கா. அது கழித்தல் குறி."

புள்ளியாக மாற்றியவரும் அந்தக் கோட்டை அப்படித்தான் நினைத்து விட்டுவிட்டிருந்தார். வாசித்த பெண்ணும் அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டாள். உறைநிலைக்கு நூற்று எண்பது டிகிரி கீழே கிடக்க வேண்டிய புதனின் இரவு, கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடாகிப் புத்தகத்தில் ஏற இருந்தது. அந்தப் பெண் அழத் தொடங்கினாள். வேலை போய்விடும் என்று பயம்.

"மூக்கைச் சிந்து," என்றாள் ஊசி. "அடியில இருக்கிறது யார் முத்திரை? உன்னதா, என்னதா?"

மேனேஜர் வந்தபோது மணி ஒன்பதுக்குப் பத்து. மெஷின்காரர் தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஊசி எழுந்து நின்று சொன்னாள், "சார், வெள்ளி சரிதான். நான்தான் விளங்காம பேசினேன். புதன்தான் தப்பு. அதையும் நான்தான் கவனிக்காம விட்டேன். அந்தத் தகட்டை நிறுத்துங்க."

இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஊசி வாயிலிருந்து 'நான்தான் தப்பு' என்ற பொருளில் எதுவும் வந்து மேனேஜர் கேட்டதில்லை. அவர் முதலில் தகட்டை நிறுத்தச் சொன்னார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ரெண்டும் தலைகீழா மாறிப்போச்சே! எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கோழிக்குஞ்சு சொல்லிச்சு சார்."

அவர் தகடு அடிப்பவரைக் கூப்பிட்டனுப்பினார்.

நல்லவேளையாக அந்த எண்ணுக்கு முன்னால் தகட்டில் காலி இடம் இருந்தது. கழித்தல் குறிக்கு வேண்டியது இரண்டே இரண்டு புள்ளி. தகடு அடிப்பவர் சின்னச் சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினார். புதுத் தாள் வைத்து அழுத்தி எடுத்து ஊசியிடம் நீட்டினார்கள். அவள் விரல் மிக மெதுவாகப் போனது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடு. குளிர்ந்த புதன். அந்தப் பக்கத்துக்கும் வெள்ளிப் பக்கத்துக்கும் சேர்த்து முத்திரை குத்தினாள். வாசிக்கிற பெண்ணின் கையைப் பிடித்து அந்தப் புள்ளிகள் மேல் ஒருமுறை வைத்தாள். "இதுதான் நீ முழுங்கினது," என்றாள். அந்தப் பெண் அழுகையினூடே சிரித்தாள்.

வாசலில் கோழிக்காரர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டு நின்றார். பண்ணைக்கு நேரமாகிவிட்டிருந்தது, ஆனாலும் போகவில்லை. அவள் வெளியே வந்த நடையைப் பார்த்தே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"திட்டினாங்களா?"

"இல்ல. மேனேஜருக்கு இன்னும் மயக்கம் தெளியலை."

மழை விட்டு வெயில் வந்திருந்தது. அவர் தன் டீயில் பாதியை அவளுக்குக் கொடுத்தார். அவள் ஊதிக் குடித்தாள்.

"அந்த அட்டவணையில பூமிக்கு எவ்வளவு போட்டிருக்கு?" என்று கேட்டார் திடீரென்று.

"பதினஞ்சு. மொத்த பூமிக்கும் சராசரி."

அவர் மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்துவிட்டு, கவலையோடு, "பதினஞ்சா? காணாதே. குஞ்சுக்கு முப்பத்து மூணாச்சும் வேணுமே," என்றார்.

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க. கிளம்புங்க, நேரமாச்சு," என்று டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.